ஒருவழிப் பயணச்சீட்டு: 1962இல் நடந்த ஒரு பிரசாரம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் மார்ட்டின் லூதர் கிங்கும் ரோசா பார்க்ஸும் தவறாமல் இடம்பெறுகிறார்கள். எதிர்த்தரப்பு என்று வரும்போது முகமூடி அணிந்த கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பையும் பர்மிங்காம் காவல்துறையின் நாய்களையும் தாண்டி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்தப் போராட்டத்துக்கு எதிராக கோட்டும் டையும் அணிந்தவர்கள், வழக்கறிஞர்களும் வங்கி அதிகாரிகளும் வணிகர்களும், பகல் வெளிச்சத்தில் அலுவலகம் வைத்து நடத்திய பிரசாரங்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாட்களாக நினைத்திருந்தேன். போராட்டக்காரர்கள் பேருந்தில் ஏறித் தெற்கே வந்தார்கள் என்பதற்காக, பரம ஏழைகளான கறுப்பினக் குடும்பங்களைப் பேருந்தில் ஏற்றி வடக்கே அனுப்பிய பிரசாரம் அது. ‘எதிர்த்திசை விடுதலைப் பயணங்கள்’ என்று பத்திரிகைகள் அதைக் குறிப்பிட்டன.

முதலில் அசல் விடுதலைப் பயணங்களைப் பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளில் இன அடிப்படையில் இருக்கைகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இலேயே தீர்ப்பளித்துவிட்டது. பேருந்து நிலையங்களின் உணவகங்களுக்கும் காத்திருப்பு அறைகளுக்கும் அது பொருந்தும் என்ற தீர்ப்பு 1960இல் வந்தது. இரண்டையும் தெற்கு மாநிலங்கள் காகிதத்தோடு விட்டுவிட்டன. மத்திய அரசும் கண்டுகொள்ளவில்லை. தீர்ப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க, ஜேம்ஸ் ஃபார்மர் தலைமையிலான இனச் சமத்துவ காங்கிரஸ் என்ற அமைப்பு 1961 மே 4 அன்று கறுப்பினத்தவரும் வெள்ளையருமாக 13 பேரை வாஷிங்டனிலிருந்து இரண்டு பேருந்துகளில் அனுப்பியது. அவர்களில் ஒருவரான 21 வயது ஜான் லூயிஸ் தென் கரோலினாவின் ராக் ஹில் நிலையத்தில் அடிவாங்கினார். மே 14 அன்று அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே ஒரு பேருந்தின் டயர்களைக் கிழித்து, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே தீ வைத்தார்கள். பர்மிங்காமில் க்ளான் ஆட்கள் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள 15 நிமிடம் வரை தலையிடாமல் இருப்பதாகக் காவல்துறை முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தது.

இவ்வளவுக்குப் பிறகு பயணம் நின்றுபோயிருக்க வேண்டும். நாஷ்வில் நகரத்து மாணவர்கள், டயேன் நாஷ் என்ற இளம்பெண்ணின் ஒருங்கிணைப்பில், விட்ட இடத்திலிருந்து அதைத் தொடர்ந்தார்கள். அவர்களில் பலர் புறப்படுவதற்கு முன் உயில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆத்திரத்தில் எடுத்த முடிவாக அதை யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். எச்சிலை முகத்தில் உமிழ்ந்தாலும் கை ஓங்காமல் இருப்பது எப்படி, அடிவிழும்போது தலையை எப்படிக் காத்துக்கொள்வது என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்கள். அந்தப் பயிற்சியை அளித்த ஜேம்ஸ் லாசன் 1950களின் நடுப்பகுதியில் நாக்பூரின் ஹிஸ்லப் கல்லூரியில் பணியாற்றியவர். காந்தியின் சத்தியாக்கிரக முறையை அங்கிருந்தபடி ஊன்றிப் படித்தவர். பின்னர் அவரும் பேருந்தில் ஏறி மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் கைதானார். அந்தக் கோடையில் ஜாக்சனில் மட்டும் 300 பேருக்கு மேல் சிறை சென்றார்கள். பலர் பார்ச்மன் சிறைப்பண்ணையில் அடைக்கப்பட்டார்கள். சற்றே ஆறப்போடுங்கள் என்று அமைச்சர் ராபர்ட் கென்னடி கேட்டுக்கொண்டபோது, 350 ஆண்டுகளாக ஆறப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஃபார்மர் பதில் சொன்னார். இறுதியில், 1961 நவம்பர் 1 முதல் பேருந்து நிலையங்களில் இனப்பிரிவினைப் பலகைகள் இருக்கக் கூடாது என்று மத்திய போக்குவரத்து ஆணையம் உத்தரவிட்டது.

அதாவது, எளிய மனிதர்கள் தங்கள் உடலைப் பணயம் வைத்து நடத்திய ஓர் இயக்கம் ஆறு மாதத்தில் கண்முன்னே வென்றுவிட்டது. எதிர்த்தரப்பை இதுதான் உறுத்தியது.

அந்த எதிர்த்தரப்பின் பெயர் வெள்ளையர் குடிமக்கள் மன்றம். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954 மே மாதம் வந்த தீர்ப்பை எதிர்த்து, அதே ஆண்டு ஜூலையில் மிசிசிப்பியின் இண்டியனோலா என்ற சிற்றூரில் முதல் மன்றம் தொடங்கப்பட்டது. க்ளானைப் போல இரவில் வந்து சவுக்கால் அடிப்பதில்லை என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய ஆயுதம் சம்பளம், கடன், வாடகை. 1955இல் யாஜூ சிட்டி என்ற ஊரில் தங்கள் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கக் கோரி 53 கறுப்பினப் பெற்றோர் மனு கொடுத்தபோது, கையெழுத்திட்டவர்களின் பெயர்களை உள்ளூர்ச் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரமாக வெளியிட்டது மன்றம். அதில் மிரட்டல் வாசகம் தேவைப்படவில்லை. பெயர் வந்தவர்களுக்கு வேலை போனது, கடைக்காரர் சாமான் தர மறுத்தார், வங்கியில் கணக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சில வாரங்களில் ஏறக்குறைய எல்லாருமே கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். மன்றத்தின் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு மிசிசிப்பி மாநில அரசின் ஆணையம் ஒன்று மக்களின் வரிப்பணத்திலிருந்தே நிதி வழங்கியது. அந்த வரியில் கறுப்பின மக்கள் கட்டிய வரியும் அடக்கம் என்பதை இங்கே சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை.

எதிர்த்திசைப் பயணங்கள் கருக்கொண்ட இடம் லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ். 1960 நவம்பர் 14 அன்று ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் மத்திய அரசின் காவலர்கள் சூழ வெள்ளையர் பள்ளி ஒன்றுக்குள் நுழைந்தாள். மறுநாள் மாலை குடிமக்கள் மன்றம் கூட்டிய மாபெரும் கூட்டத்தில் லியாண்டர் பெரெஸ் பேசினார். அதற்கடுத்த நாள் நகரத்தில் வன்முறை வெடித்தது. பெரெஸ், அண்டை மாவட்டமான பிளாக்குமின்ஸைப் பல பத்தாண்டுகள் தன் கைக்குள் வைத்திருந்த அரசியல்வாதி. கத்தோலிக்கப் பள்ளிகள் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதை எதிர்த்து ஆள்திரட்டியதற்காக, பேராயர் ஜோசப் ரம்மல் 1962 ஏப்ரல் 16 அன்று அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். அதே ஏப்ரல் மாதத்தில்தான் முதல் எதிர்த்திசைப் பேருந்தும் புறப்பட்டது. மன்றத்துக்கு நீதிமன்றத்தில் தோல்வி, பள்ளிக்கூட வாசலில் தோல்வி, தேவாலயத்திலும் இப்போது கதவு மூடப்பட்டது. வாதத்தால் மீட்க முடியாத இடத்தைப் பரபரப்பால் மீட்கலாம் என்று அவர்கள் துணிந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

திட்டத்தை வகுத்தவர் நியூ ஆர்லியன்ஸ் மன்றத்தைச் சேர்ந்த ஜார்ஜ் சிங்கில்மன், பெரெஸின் ஆள். கறுப்பின மக்கள்மீது வடக்கத்தியர் காட்டும் அக்கறை வெறும் பேச்சு என்றும், அந்த மக்கள் தங்கள் வாசலில் வந்து நின்றால் அவர்களின் சாயம் வெளுத்துவிடும் என்றும் அவர் கணக்குப் போட்டார். ஆர்க்கன்சாஸில் இதை முன்னின்று நடத்தியவர் லிட்டில் ராக் நகரின் குடிமக்கள் மன்றத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏமிஸ் கத்ரிஜ். ஊர்விட்டுப் போக விரும்பும் கறுப்பினத்தவருக்கு இலவசப் பயணச்சீட்டு, வழிச்செலவுக்குச் சிறு தொகை, போய்ச் சேரும் ஊரில் வேலையும் வீடும் காத்திருக்கின்றன என்ற வாக்குறுதி: இவைதான் தூண்டில். பயணச்சீட்டு ஒருவழிக்கு மட்டுமே. சேரும் இடங்களில் நியூயார்க்கும் சிகாகோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் இருந்தன. ஆனால் அவர்கள் மிகவும் விரும்பிய இடம் மாசசூசெட்ஸ் மாநிலக் கடலோரத்தில் இருக்கும் ஹையானிஸ். அதிபர் ஜான் கென்னடியின் குடும்பத்துக் கோடைவாச இல்லம் அதன் அருகில்தான் இருந்தது. அதிபரின் தம்பி எட்வர்ட் கென்னடி அந்த ஆண்டு அதே மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்றார். அவரே சிறப்பான வரவேற்புக்கு உறுதி தருகிறார் என்று துண்டறிக்கை அச்சிட்டார்கள். அவர் அப்படி ஓர் உறுதியும் தரவில்லை.

யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் இந்தப் பிரசாரத்தின் மனம் முழுவதும் தெரிகிறது. துணையின்றி நிறையப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள், அரசு உதவித்தொகையில் வாழ்பவர்கள், வேலை இழந்தவர்கள், சிறை சென்று வந்தவர்கள். லூசியானாவின் நிலையை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960இல் அம்மாநில அரசு, தாயின் ஒழுக்கத்தைக் காரணம் காட்டி, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வழங்கிவந்த உதவித்தொகையை நிறுத்தியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். முதலில் அரசு சோற்றைப் பறித்தது; பிறகு அந்த அரசியலின் ஆதரவாளர்களே வந்து பேருந்துச் சீட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் வந்து கூலிவேலை அருகிவிட்ட காலம் அது. 1910களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள். ஏறிய பலருக்கும் போக வேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே இருந்தது. கையில் காசுதான் இல்லை.

1962 மே மாதத்தில் ஆர்க்கன்சாஸின் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் தம் ஒன்பது பிள்ளைகளுடன் கிரேஹவுண்ட் பேருந்தில் ஏறினார். ஹையானிஸில் அதிபரே வந்து வரவேற்பார் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஏறத்தாழ மூன்று நாள் பயணம். ஊர் நெருங்கும்போது அவர் ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, தம்மிடம் இருந்தவற்றிலேயே நல்ல உடையை மாற்றிக்கொண்டார்: கறுப்பு உடை, முத்துமாலை, வெள்ளைத் தொப்பி. இறங்கியபோது அதிபர் இல்லை. அவருடைய வீட்டார் யாரும் இல்லை. வேலையும் வீடும் இல்லை. செய்தியாளர்களும் புகைப்படக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் போயிருந்தது. அந்தத் தாய்க்கு மட்டும்தான் உண்மை போகவில்லை. மாற்றுடை அணிய அவர் எடுத்துக்கொண்ட அந்தச் சில நிமிடங்களைப் பற்றிப் படித்தபோது, இந்தப் பிரசாரத்தைக் கண்டிக்க வேறெந்த ஆவணமும் தேவையில்லை என்று தோன்றியது. நாட்டின் தலைவரைச் சந்திக்கப் போகும் குடிமகளாக அவர் தம்மைக் கருதினார். அனுப்பியவர்கள் அவரை ஒரு கேலிச்சித்திரமாகக் கருதினார்கள்.

ஹையானிஸ் மக்கள் நடந்துகொண்ட விதத்தை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஆறேழு மாதங்களில் அந்தச் சிற்றூருக்குக் கிட்டத்தட்ட 100 பேர் வந்து சேர்ந்தார்கள். தேவாலயங்களையும் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையையும் சேர்ந்தவர்கள் குழு அமைத்து உணவும் உடையும் திரட்டினார்கள். வந்தவர்களை அருகிலிருந்த ராணுவ முகாமின் குடியிருப்புகளில் தங்கவைத்தார்கள். சிலருக்கு வேலையும் தேடிக் கொடுத்தார்கள். அதே வேளையில், கோடைக்காலச் சுற்றுலாவையே நம்பியிருக்கும் ஊரில் ஆண்டு முழுவதற்கும் வேலை ஏது? வந்தவர்களில் பலர் நாளடைவில் பாஸ்டன் போன்ற பெருநகரங்களுக்கு இடம்பெயர நேர்ந்தது. அங்கே கறுப்பின மக்களுக்கு வீடு கிடைக்கும் பகுதிகள் எவை, கிடைக்காத பகுதிகள் எவை என்பதை வங்கிகளும் வீட்டுத் தரகர்களும் முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

எனவே சிங்கில்மனின் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. வடக்கு தன் பங்குக்கு இனப்பிரிவினையைச் சட்டத்தில் எழுதாமல் தெருக்களில் எழுதி வைத்திருந்தது. 1974இல் பள்ளிகளில் இனங்களைக் கலக்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது தெற்கு பாஸ்டனில் கறுப்பினக் குழந்தைகளின் பேருந்துகள்மீது கல்லெறிந்தார்கள். வடக்கின் இந்த இரட்டை வேடத்தைக் கறுப்பினத் தலைவர்கள் அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ முறை சுட்டிக்காட்டினார்கள். கிங் 1966இல் சிகாகோவின் வீட்டுவசதிப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போய்க் கல்லடி பட்டார். அவர்கள் அதைச் சொன்னது நிலைமை மாற வேண்டும் என்பதற்காக. குடிமக்கள் மன்றமோ, வடக்கும் யோக்கியமில்லை என்பதால் தெற்கை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது. எதிராளியின் குறையைச் சுட்டுவது அரசியலில் நியாயமான வேலை. அதைச் சுட்டுவதற்கு ஒன்பது குழந்தைகளைப் பசியோடு மூன்று நாள் பேருந்தில் அனுப்பலாம் என்று நினைப்பவருக்கு அந்தக் குறையைப் பற்றிப் பேசும் தகுதி போய்விடுகிறது என்பதே என் கருத்து.

இரண்டு பயணங்களையும் ஒன்றுக்கொன்று பதிலடியாகச் சித்திரிக்கும் வழக்கம் அப்போதைய பத்திரிகைகளில் இருந்தது. இன்றும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. 1961இல் ஏறியவர்கள் எங்கே போகிறோம், என்ன நேரும், எதற்காக என்று அறிந்து ஏறினார்கள். உயில் எழுதியவருக்கு ஆபத்து எவ்வளவு என்று தெரியும். தங்களுடைய துன்பத்தையே தங்கள் வாதமாக முன்வைத்தார்கள். 1962இன் ஏற்பாட்டாளர்களில் ஒருவர்கூடப் பேருந்தில் ஏறவில்லை, எதையும் இழக்கவில்லை, மற்றவர்களின் துன்பத்தைத் தங்கள் வாதமாக்கினார்கள். எதிரி இயக்கத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்தவர்களால் அதன் உயிரான சம்மதத்தை நகலெடுக்க முடியவில்லை. ஏறியவர்கள் எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள் என்று மன்றம் திரும்பத் திரும்பச் சொன்னது. பொய்யைக் கேட்டுக் கொடுத்த ஒப்புதலை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

பிரசாரம் நெடுநாள் நீடிக்கவில்லை. மொத்தமாக அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 200 பேர். ஆயிரக்கணக்கில் அனுப்பப்போவதாகப் பேசிய மன்றத்திடம் பணம் வற்றியது. தெற்கிலேயே, பிரிவினையை ஆதரித்த பத்திரிகைகள்கூடச் சில முகம் சுளித்தன. அதிபர் கென்னடி மே மாதச் செய்தியாளர் கூட்டத்தில் இதை மலிவான செயல் என்று ஒதுக்கினார். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. சொந்த வீட்டருகே வந்து இறங்கியவர்களை அவர் ஒருமுறை நேரில் பார்த்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. பார்த்தால் மன்றத்துக்கு வெற்றி என்று ஆலோசகர்கள் அஞ்சியிருக்கக்கூடும். அந்த அச்சமும் வந்தவர்களை மனிதர்களாகப் பார்க்காமல் சதுரங்கக் காய்களாகப் பார்த்ததன் இன்னொரு வடிவமே. 1964 ஜூலையில் குடிமை உரிமைகள் சட்டமும் அடுத்த ஆண்டில் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறியபின் மன்றங்கள் தேய்ந்து, வெள்ளையர் தனியார் பள்ளிகளை நடத்துவதில் ஒதுங்கின. 1985இல் அவற்றின் பழைய உறுப்பினர் பட்டியல்களை வைத்துக்கொண்டு வேறு பெயரில் ஓர் அமைப்பு எழுந்தது.

60 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 14 அன்று, ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸின் ஏற்பாட்டில் வெனிசுவேலாவிலிருந்து வந்த 49 புலம்பெயர்ந்தோர் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து இரண்டு விமானங்களில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் இறக்கப்பட்டார்கள். ஹையானிஸிலிருந்து படகில் போகும் தூரத்தில் இருக்கும் தீவு அது. எல்லையைத் திறந்துவிடச் சொல்லும் தாராளவாதிகள் அனுபவித்துப் பார்க்கட்டும் என்பதே இப்போதும் வாதம். கையில் கொடுத்த துண்டறிக்கையில் வேலை, வீட்டு உதவி என்ற வாக்குறுதிகள் இப்போதும் இருந்தன. செலவு இம்முறை மாநில அரசின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வந்தது. குடியேற்றக் கொள்கை என்பது இனப்பிரிவினைச் சட்டத்தைப் போன்றதல்ல. எல்லை மாநிலங்களின் சுமையை மற்ற மாநிலங்களும் பகிர வேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பகிர்வதாக இருந்தால் சேரும் ஊருக்கு முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பாவது போயிருக்கும். படப்பதிவாளரை அழைத்துச் சென்றவர்கள் ஊராருக்குச் சொல்லவில்லை. தீவு மக்கள் தேவாலயம் ஒன்றில் படுக்கை விரித்தார்கள். இரண்டு நாள் கழித்து மாநில அரசு அவர்களைக் கேப் காடில் உள்ள ராணுவத் தளத்துக்குக் கொண்டுசென்றது.

ஒரு வேறுபாடு உண்டு. சான் அன்டோனியோ அமைந்துள்ள பெக்சர் மாவட்டத்தின் ஷெரிஃப், விசாரணை நடத்தி, அந்தப் பயணிகள் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று 2022 அக்டோபரில் சான்றளித்தார். அத்தகையோருக்கென உள்ள சிறப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழி அதனால் அவர்களுக்குத் திறந்தது. வழக்குத் தொடுக்க வழக்கறிஞர்களும் முன்வந்தார்கள். முத்துமாலை அணிந்து இறங்கிய அந்தத் தாய்க்கு அப்படி ஒரு தாளை எந்த அதிகாரியும் எழுதிக் கொடுக்கவில்லை.